பழைய வேதாகமமா, திருவிவிலியமா: வீட்டுக்கு எதை வாங்குவது?

திடப்படுத்தல் எடுத்துச் சபையில் முழு உறுப்பினராகப்போகும் பிள்ளைக்கோ, புதுக்குடித்தனம் போகும் ஜோடிக்கோ ஒரு பைபிள் வாங்கித் தரலாம் என்று கடைக்குப் போனால், ஒரு காலத்தில் கேள்வி இரண்டுதான்: பெரிய எழுத்தா சின்ன எழுத்தா, ஜிப் வைத்ததா சாதா அட்டையா. உள்ளே இருக்கும் தமிழ் எது என்று யாரும் கேட்டதில்லை. இன்றைக்கு அதையும் கேட்டாக வேண்டியிருக்கிறது. 1871இல் முழுமையாக வெளிவந்து இன்றுவரை சி.எஸ்.ஐ., லுத்தரன், பெந்தெகொஸ்தே சபைகள் பெரும்பாலும் கையில் வைத்திருக்கும் பரிசுத்த வேதாகமம் ஒரு பக்கம். கத்தோலிக்கரும் சீர்திருத்தச் சபையாரும் (புராட்டஸ்டண்டுகளும்) சேர்ந்து உருவாக்கி 1995இல் வெளியிட்ட திருவிவிலியம் இன்னொரு பக்கம். செல்போனைத் திறந்தால் இன்னும் இரண்டு மூன்று பதிப்புகள் வந்து நிற்கின்றன.

“பழசு கஷ்டம், புதுசு ஈஸி” என்று சொல்லி இந்த விஷயத்தை முடித்துவிடுகிறவர்கள் அதிகம். யாருக்குக் கஷ்டம் என்று அவர்கள் கேட்பதில்லை. நாசரேத், மெஞ்ஞானபுரம் பக்கம் எழுத்துக்கூட்டி வாசிக்கிற ஒரு பாட்டியிடம் ‘கிருபை’க்குப் பொருள் சொல்லிப் பாருங்கள், சிரிப்பார். “எப்படி இருக்கீங்க” என்றால் “கர்த்தர் கிருபையால சுகமா இருக்கேன்” என்பதுதான் அவர் அன்றாடப் பேச்சு. ஜெபம், விசுவாசம், இரட்சிப்பு, சாட்சி எல்லாம் அவருக்குக் கடைத்தெரு வார்த்தைகள். அதே பாட்டிக்கு ‘இறைவேண்டல்’, ‘மாட்சி’, ‘மீட்பு’ என்று வாசித்துக் காட்டினால், பேரனின் தமிழ்ப் பாடப்புத்தகம் என்று நினைத்துக்கொள்வார். மறுபக்கம், கோவில் பழக்கமே இல்லாமல் தமிழ் வழியில் படித்து வளர்ந்த ஒருவருக்கு ‘நியாயப்பிரமாணம்’, ‘கிருபாசனம்’, ‘ஆசரிப்புக் கூடாரம்’ எல்லாம் இரும்புக்கடலை. ‘திருச்சட்டம்’, ‘சந்திப்புக்கூடாரம்’ என்றால் உடனே பிடித்துக்கொள்வார். ஆகவே எது எளிது என்ற கேள்வியைத் தூக்கி ஓரமாக வைத்துவிட்டு, யார் காதுக்கு, எந்த வேலைக்கு என்று பார்ப்பதுதான் பிரயோஜனம்.

அதற்கு முன் ஒன்று. பழசு என்று நாம் கும்பிடுவதும் ஒரு நாள் புதுசாக வந்து திட்டு வாங்கியதுதான். ஜெர்மன் மிஷனரி சீகன்பால்க் தரங்கம்பாடியில் மொழிபெயர்த்து 1715க்குள் அச்சிட்டு முடித்த புதிய ஏற்பாட்டில் இறைவனுக்குப் பெயர் சர்வேசுரன். அடுத்து, சென்னையில் பல ஆண்டு உழைத்த பப்ரிசியுஸ் அதைப் பராபரன் ஆக்கினார். திருநெல்வேலி ரேனியஸ் தேவன் என்று மாற்றினார். யாழ்ப்பாணத்தில் பெர்சிவல் பாதிரியார் ஆறுமுக நாவலரின் துணையோடு செய்த மொழிபெயர்ப்பு 1850இல் அச்சேறியது. சென்னையில் அது எடுபடவில்லை. கடைசியில் ஹென்றி பவர் ஐயர் தலைமையில் ஒரு குழு உட்கார்ந்து, பப்ரிசியுஸின் நடையையும் ரேனியஸின் நடையையும் சமரசம் செய்து எல்லாச் சபைக்கும் பொதுவாகக் கொண்டுவந்ததுதான் நம் வீட்டு அலமாரியில் இருப்பது. அதை எல்லோரும் உடனே கையில் எடுத்துக்கொள்ளவும் இல்லை. லுத்தரன் சபையார் வெகுகாலம் பப்ரிசியுஸையே பிடித்துக்கொண்டிருந்தார்கள். பராபரன் இன்று வேதாகமத்தில் இல்லாவிட்டாலும் கீர்த்தனைகளில் இருக்கிறார். 1936இல் லார்சன் ஐயரும் துரைசாமி என்பவரும் செய்த திருத்திய பதிப்பு வந்தபோது, பவர் ஐயர் பதிப்பில் ஊறிய சபைகள் அதே பிடிவாதத்தைக் காட்டின. அந்தத் திருத்தம் அப்படியே அமுங்கிப்போயிற்று. “தேவன் கொடுத்த தமிழ் இது, கை வைக்காதே” என்று யாராவது சண்டைக்கு வந்தால் இந்தக் கதையைச் சொல்லலாம். சண்டை நிற்காது, சொல்லி வைக்கலாம்.

இனி இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்ப்போம். மத்தேயு 9ஆம் அதிகாரத்தில் இயேசுவின் வஸ்திரத்தைத் தொட்ட பெண்ணைப் பழைய பதிப்பு “பன்னிரண்டு வருஷமாய்ப் பெரும்பாடுள்ள ஒரு ஸ்திரீ” என்கிறது. பெரும்பாடு என்பது அந்தக் காலத்து வைத்தியச் சொல். மாதவிடாயில் அளவு மீறிப் போகும் இரத்தம். இன்று ஞாயிறு பள்ளியில் இதை வாசிக்கும் பிள்ளைகள், ஏன் சில பெரியவர்களும், அந்தம்மா பன்னிரண்டு வருஷம் ரொம்பக் கஷ்டப்பட்டாள் என்று எடுத்துக்கொள்கிறார்கள். அப்படி எடுத்துக்கொண்டால் கதையின் உயிரே போய்விடும். தீட்டு என்று ஒதுக்கப்பட்டவள் கூட்டத்துக்குள் நுழைந்ததும், பின்னால் வந்து ஒளிந்து தொட்டதும், இயேசு திரும்பிப் பார்த்து அவளை மகளே என்று அழைத்ததும் அந்த நோய் இன்னதென்று தெரிந்தால்தான் உறைக்கும். திருவிவிலியம் இரத்தப்போக்கு என்று வெளிப்படையாகச் சொல்லிவிடுகிறது.

அதே மத்தேயுவில் திராட்சத்தோட்டத்துக் கூலிக்காரர் கதை. பழையதில் “நாளொன்றுக்கு ஒரு பணம்” கூலி. 1871இல் வாசித்தவருக்குப் பணம் என்பது கையில் புழங்கிய ஒரு காசின் பெயர், சிக்கலே இல்லை. இப்போது அது பொதுச்சொல் ஆகிவிட்டதால் ‘ஒரு பணம்’ தொண்டையில் நிற்கிறது. திருவிவிலியம் ‘தெனாரியம்’ என்று ரோமக் காசின் பெயரையே போடுகிறது. அதுவும் நமக்குத் தெரியாத காசுதான் என்றாலும், தெரியாது என்பதாவது தெரிகிறது.

இதைவிட எனக்குப் பெரிதாகப் படுவது மத்தேயு 28:19. பழைய பதிப்பில் அது “சகல ஜாதிகளையும் சீஷராக்கி” என்று இருக்கிறது. மொழிபெயர்த்தவர்கள் இனங்களை, தேசத்தாரைத்தான் நினைத்தார்கள். நம் ஊரில் அந்தச் சொல் எங்கே போய் நிற்கிறது என்று விளக்கத் தேவையில்லை. யூதரல்லாதவரைக் குறித்து ‘புறஜாதியார்’ என்று பவுலின் கடிதங்களில் வரும் ஒவ்வொரு இடத்திலும் பிரசங்கியார் நின்று விளக்கிவிட்டுத்தான் நகர வேண்டியிருக்கிறது. விளக்காமல் நகர்கிறவர்களும் உண்டு. “எல்லா மக்களினத்தாரையும்” என்று திருவிவிலியம் சொல்லும்போது அந்த வில்லங்கம் இல்லை. குஷ்டரோகி, குருடன், சப்பாணி என்று மனிதரை நோயால் அழைக்கும் வழக்கத்தையும் அது கூடியவரை விட்டுவிட்டது. சபையில் சத்தமாக வாசிக்கும்போது, அந்த வரிசையில் சக்கர நாற்காலியில் ஒருவர் இருந்தால், இந்த வித்தியாசம் வாசிக்கிறவரின் நாக்கிலேயே தெரியும்.

இதுவரை புதியதன் கையே ஓங்கியிருக்கிறது. மரியாதைப் பன்மைக்கு வந்தால் கணக்கு மாறும்.

பழைய பதிப்பில் கடவுளும் இயேசுவும் ‘அவர்’. ஆபிரகாம், மோசே, தாவீது, பவுல் எல்லோரும் ‘அவன்’. மரியாள் “என்றாள்”. கத்தோலிக்க வீட்டில் பிறந்தவருக்கு மாதாவை இப்படிச் சொல்லக் கேட்டாலே சுருக்கென்று குத்தும். திருவிவிலியத்தில் அனேகமாக எல்லோருக்கும் ‘அவர்’. நாகரிகமான மாற்றம், இன்றைய எழுத்துத்தமிழுக்கு ஏற்றது. ஆனால் கதை ஓட்டத்தில் ஒரு வசதி பறிபோனது. யோவான் 3இல் நிக்கொதேமு இரவில் வந்து பேசுகிறான் அல்லவா, அல்லது யோவான் 9இல் பிறவிக்குருடன் விசாரிக்கப்படுகிறான் அல்லவா. பழையதில் ‘அவர்’ என்றால் இயேசு, ‘அவன்’ என்றால் எதிராளி. கண்ணை மூடிக்கொண்டு கேட்டாலும் யார் பேசுகிறார் என்று குழப்பமே வராது. புதியதில் ‘அவர் அவரிடம்’ என்று வரும்போது யார் எவரிடம் என்று ஒரு நொடி நின்று பார்க்க வேண்டும். மேற்கோள் குறிகளும் பத்தி பிரிப்பும் இருப்பதால் கண்ணால் வாசிக்கிறவர் சமாளித்துக்கொள்வார். காதால் மட்டும் கேட்கிறவர் பாடு திண்டாட்டம்தான். வாசிக்கத் தெரியாத பெரியவர்கள் இருக்கும் வீட்டில் குடும்ப ஜெபத்துக்கு என்றால் இதையும் யோசித்துக்கொள்ளுங்கள்.

அச்சில் பார்த்தாலும் வித்தியாசம் உண்டு. பழையதில் வசனத்துக்கு வசனம் தனி வரி, பேச்சுக்கு முன்னால் முக்காற்புள்ளி, பேச்சு எங்கே முடிகிறது என்பதற்கு ‘என்றான்’ வரும்வரை காத்திருக்க வேண்டும். வசனம் தேடுவதற்கு வசதி. தொடர்ந்து வாசிக்க அலுப்பு. புதியதில் பத்தி, உள்தலைப்பு, அடிக்குறிப்பு, சங்கீதங்களைக் கவிதை வரிகளாக உடைத்துக் கொடுத்திருப்பது எல்லாம் இருக்கின்றன. ஏசாயாவையும் எரேமியாவையும் முதல் தடவையாக முழுசாக வாசிக்க நினைக்கிறவருக்கு நான் தயங்காமல் புதியதைத்தான் கையில் கொடுப்பேன். தீர்க்கதரிசிகள் பேசுவது கவிதை என்பதே அந்த அச்சைப் பார்த்தால்தான் பலருக்குத் தெரியவரும்.

ஓசை என்று வரும்போது நான் கட்சி மாறிவிடுகிறேன். “கர்த்தர் என் மேய்ப்பராயிருக்கிறார், நான் தாழ்ச்சியடையேன்.” 23ஆம் சங்கீதத்தின் இந்த முதல் வரி, சாவு வீட்டில், ஆஸ்பத்திரி வராண்டாவில், பரீட்சைக்குப் போகும் வாசலில் எத்தனை பேர் வாயில் வந்திருக்கும். “ஆண்டவரே என் ஆயர், எனக்கேதும் குறையில்லை” என்பது திருவிவிலியம். இதுவும் அழகுதான், இன்னும் கச்சிதம்கூட. இசையமைத்துப் பாட எளிது. கத்தோலிக்கத் திருப்பலியில் பதிலுரைப்பாடலாகக் கேட்டால் நெஞ்சை நிறைக்கும். ஆனால் நான்காம் வசனத்தில் “உமது கோலும் உமது தடியும் என்னைத் தேற்றும்” என்பதற்கு “உம் கோலும் நெடுங்கழியும்” என்று வருகிறது. கோலும் தடியும் ஆட்டுக்காரன் கையில் இருப்பவை. நெடுங்கழி எந்தக் கிடையில் இருக்கிறது என்று எனக்குத் தெரியவில்லை. தூய தமிழ் வேண்டும் என்ற நல்லெண்ணம் சில இடங்களில் இப்படிக் கால் தடுக்கிவிடுகிறது. அதுவும் தடி, சுத்தமான தமிழ்ச்சொல்லாக இருக்கும்போது!

மனப்பாடத்துக்குப் பழையதுதான் என்று நான் சொல்வதற்கு ஓசை மட்டும் காரணம் இல்லை. புத்தாண்டு இரவு ஆராதனையில் கொடுக்கும் வாக்குத்தத்த அட்டை, ஞாயிறு பள்ளி மனப்பாட வசனம், கன்வென்ஷன் பந்தலில் பிரசங்கியார் பாதி சொல்ல ஜனங்கள் மீதி சொல்வது, சுவரில் மாட்டும் வசனப் படம், கல்லறைக் கல்லில் வெட்டும் வசனம்: சீர்திருத்தச் சபைகளில் இவை எல்லாம் 1871இன் தமிழில்தான் ஓடிக்கொண்டிருக்கின்றன. யோவான் 3:16ஐ ‘தம் ஒரே மகன்மீது நம்பிக்கை கொள்ளும் எவரும்’ என்று கற்றுக்கொண்ட பிள்ளை, சபையே ‘ஒரேபேறான குமாரனை’ என்று சொல்லும்போது வாயை மூடிக்கொண்டு நிற்கும். கத்தோலிக்கப் பிள்ளைக்கு இதுவே தலைகீழ். திருப்பலி வாசகம் திருவிவிலியத்தில்தான் என்பதால் அதற்குக் ‘குமாரன்’ அந்நியம்.

கடிதங்களைக் கூர்ந்து படிப்பவர்களுக்கு ஓர் எச்சரிக்கை. ரோமர் 5:1இல் பழையது “நீதிமான்களாக்கப்பட்டிருக்கிறபடியால்” என்று சொல்கிறது. நீதிமன்ற வாசனை அடிக்கும் சொல். குற்றவாளிக் கூண்டில் நிற்பவனை நீதிமான் என்று தீர்ப்பளிப்பது. சீர்திருத்தத்தைத் தொடங்கிய லூத்தர் காலத்திலிருந்து கத்தோலிக்கருக்கும் சீர்திருத்தச் சபையாருக்கும் அடிதடி நடந்த இடம் இது. திருவிவிலியம் “கடவுளுக்கு ஏற்புடையவர்களாக்கப்பட்டுள்ள நாம்” என்கிறது. அதே வசனத்தின் ‘சமாதானம்’ அங்கே ‘நல்லுறவு’. இரு சபையாரும் கூடி உட்கார்ந்தால் இப்படி ஒரு சொல்லில்தான் சந்திக்க முடியும் என்பது புரிகிறது. வாசிக்கச் சுகமாகவும் இருக்கிறது. ஆனால் பவுல் ஒரு வழக்கை வாதாடுகிறார் என்ற தொனி ஏற்புடையவரில் மங்கிவிடுகிறது. ரோமர், கலாத்தியர் படிக்கும் வேதபாடக் குழுவுக்கு இரண்டு பதிப்பும் மேசைமேல் இருக்க வேண்டும் என்று சொல்வேன்.

மூல நூல் விஷயம் பலருக்கு அதிர்ச்சி. பவர் ஐயர் குழு பின்பற்றிய கிரேக்க வாசகம், 1611 ஆங்கில ஜேம்ஸ் ராஜா பைபிளுக்கு அடியில் இருந்த அதே மரபு. சினாய் மலை மடத்தில் டிஷெண்டார்ஃப் கண்டெடுத்த பழங்கையெழுத்துப் படியையும் அதுபோன்ற மற்றவற்றையும் வைத்து வெஸ்ட்காட்டும் ஹார்ட்டும் தங்கள் கிரேக்கப் பதிப்பை வெளியிட்டது 1881இல். நம் பதிப்பு அதற்குப் பத்து வருஷம் முந்தியது. பழைய ஏற்பாட்டின் மிகப் பழைய எபிரெயப் படிகளைக் கொண்ட சாக்கடல் சுருள்கள் கிடைத்தது 1947இல்தான். இதனால் நடக்கும் காரியம் என்னவென்றால், 1 யோவான் 5:7இல் “பிதா, வார்த்தை, பரிசுத்தஆவி என்பவர்களே, இம்மூவரும் ஒன்றாயிருக்கிறார்கள்” என்று திரித்துவத்துக்கு, அதாவது கடவுள் மூவராகவும் ஒருவராகவும் இருக்கிறார் என்ற போதனைக்கு, ஆதாரமாக நாம் எடுத்துக்காட்டும் வரி திருவிவிலியத்தில் கிடையாது. பழைய கிரேக்கப் படிகளில் அது இல்லை. கிரேக்கப் புதிய ஏற்பாட்டை முதலில் அச்சிட்டு வெளியிட்ட அறிஞர் எராஸ்மஸ்கூடத் தம் முதல் இரண்டு பதிப்புகளிலும் சேர்க்காமல் 1522இல்தான் சேர்த்தார். மத்தேயு 17:21, உபவாசக் கூட்டங்களில் தவறாமல் கேட்கும் “இந்த ஜாதிப்பிசாசு ஜெபத்தினாலும் உபவாசத்தினாலுமேயன்றி” என்ற வசனம், அதுவும் அங்கே வாசகத்தில் இல்லை. “வசனத்தை வெட்டிவிட்டார்கள்” என்று வாட்ஸ்அப்பில் சுற்றும் செய்திகளுக்கு அடி இதுதான். யாரும் வெட்டவில்லை. பழம்படிகளில் இருப்பதை மட்டும் போட்டார்கள், மற்றதைக் குறிப்பில் சொன்னார்கள். இந்த ஒரு விஷயத்தில் புதியதன் பக்கம்தான் நியாயம் என்பது என் கட்சி. அதற்காகப் பழையதை வைத்திருப்பவர்களின் விசுவாசம் ஒன்றும் குறைந்துவிடாது; திரித்துவம் அந்த ஒற்றை வரியில் தொங்கிக்கொண்டிருக்கவில்லை.

நடுவில் நிற்கும் பதிப்புகளைப் பற்றி அதிகம் சொல்ல இல்லை. எளிய நடைப் பதிப்பு தேவன், குமாரன் என்ற சொற்களை வைத்துக்கொண்டு வாக்கியங்களைத் துண்டு துண்டாக நறுக்கித் தருகிறது. சிறுவர்களுக்கும் தமிழ் இப்போதுதான் வாசிக்கப் பழகுகிறவர்களுக்கும் ஆகும், சத்தமாக வாசித்தால் தந்தி வாசிப்பதுபோல் இருக்கும். இந்தியத் திருத்தப் பதிப்பு பழைய வாக்கியத்தை அப்படியே விட்டு, புரியாத சொல்லை மட்டும் மாற்றுகிறது. சட்டையில் ஒட்டுப்போட்டது தெரிகிறது, ஆனால் போட்டுக்கொள்ளலாம். பழையதை விட மனமில்லாமல் ‘ஸ்திரீ’, ‘புருஷன்’ மட்டும் உறுத்துகிறது என்கிறவர்களுக்குச் செல்போனில் அது போதும். தமிழும் ஆங்கிலமும் பக்கம் பக்கமாக அச்சிட்ட பைபிள் பரிசு கொடுக்க நன்றாக இருக்கிறது. டொரண்டோவிலும் சிங்கப்பூரிலும் இருக்கும் உறவுக்காரர்கள் அதைத்தான் கேட்டு வாங்குகிறார்கள். பிள்ளைகள் ஆங்கிலப் பத்தியைத் தாண்டுவதில்லை என்பது அவர்களுக்கும் தெரியும்.

சரி, வாங்குவது எதை? சி.எஸ்.ஐ. அல்லது பெந்தெகொஸ்தே வீட்டுப் பிள்ளைக்கு முதல் பைபிள் என்றால் பழையதையே வாங்குங்கள். அதன் சபை அந்தத் தமிழில்தான் பேசுகிறது. அந்தச் சொற்கள் இல்லாமல் பாட்டும் ஜெபமும் அதற்கு எட்டாது. இரண்டு மூன்று வருஷம் கழித்து, தானாக வாசிக்கும் வயதில், திருவிவிலியத்தை இரண்டாவதாகக் கொடுங்கள். ஒரே புத்தகத்தைத்தான் வாழ்நாள் முழுக்க வைத்திருக்க வேண்டும் என்று எந்தச் சட்டமும் இல்லை. கத்தோலிக்க வீட்டுக்குக் கேள்வியே கிடையாது, திருவிவிலியம்தான். சபைப் பின்னணி இல்லாமல், இந்தப் புத்தகத்தில் அப்படி என்னதான் இருக்கிறது என்று பார்க்க விரும்பும் நண்பருக்குத் திருவிவிலியத்தின் லூக்காவை எடுத்துக் கொடுங்கள். நல்ல கதைசொல்லியை நல்ல தமிழில் வாசித்த திருப்தியாவது அவருக்கு மிஞ்சும்.

சிக்கலான கேஸ், மாப்பிள்ளை சி.எஸ்.ஐ., பெண் ஆர்.சி. என்று முடிந்த கல்யாணங்கள். தென்மாவட்டங்களில் இது அபூர்வம் ஒன்றும் இல்லை. “எங்க பைபிள்தான் பைபிள்” என்று இரண்டு வீட்டிலும் சொல்வார்கள். இங்கே நான் யோசிக்காமல் திருவிவிலியம் என்பேன். அதை வெளியிட்டதில் இந்திய வேதாகமச் சங்கத்துக்கும் பங்கு உண்டு, திண்டிவனத்திலுள்ள கத்தோலிக்க நடுநிலையத்துக்கும் பங்கு உண்டு. “இது உங்க ஆளுங்க போட்டது” என்று இரு தரப்பும் எதிர்த்தரப்பைக் குறைசொல்ல வழியில்லாத ஒரே புத்தகம் அது. பழையதில் இல்லாத தோபித்து, யூதித்து, மக்கபேயர் முதலியவை பழைய ஏற்பாட்டுக்கும் புதிய ஏற்பாட்டுக்கும் நடுவே இணைத்திருமுறை என்ற தனிப் பகுதியாக இருக்கும். மாமனார் வீட்டில் யாராவது புரட்டிப் பார்த்து “இதெல்லாம் எங்கிருந்து வந்தது” என்று கேட்டால் பதில் தயாராக இருக்கட்டும். ஆதியாகமம் தொடக்கநூல் ஆகியிருக்கும், யாத்திராகமம் விடுதலைப் பயணம், சங்கீதம் திருப்பாடல்கள், அப்போஸ்தலருடைய நடபடிகள் திருத்தூதர் பணிகள். சபையில் போதகர் “பிரசங்கி 3ஆம் அதிகாரம்” என்று சொன்னதும் ‘சபை உரையாளர்’ என்று தேடத் தெரிய வேண்டும். பொருளடக்கப் பக்கத்தில் பழைய பெயர்களைப் பென்சிலால் பக்கத்தில் எழுதிக் கொடுத்துவிட்டால் முதல் சில மாதத்தை ஓட்டிவிடலாம்.